ஜெருசலேமை ஐ.நா.விடம் கொடுத்துவிட்டால் என்ன?

அன்புள்ள ஐயா,

ஜெருசலேம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். மூன்று மதங்கள் சொந்தம் கொண்டாடும் ஊரை ஐ.நா.விடம் கொடுத்துவிட்டால் சண்டை முடிந்துவிடாதா? இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

- ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

தோன்றியது, தீர்மானமாகவும் நிறைவேறியது. பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கச் சொல்லி 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற 181ஆம் தீர்மானத்தில், ஜெருசலேமும் பெத்லகேமும் யாருக்கும் சேராமல் ஐ.நா. பொறுப்பில் இருக்கும் தனிப் பகுதி. அதன் ஆளுநர் அமையவிருந்த யூத நாட்டுக் குடிமகனாகவும் இருக்கக் கூடாது, அரபு நாட்டுக் குடிமகனாகவும் இருக்கக் கூடாது. போலீசுக்குக்கூட வெளியாட்கள்தான். அந்த ஆளுநர் வரவே இல்லை. 1948 போரில் மேற்குப் பகுதி இஸ்ரேலுக்கும், பழைய நகரம் உட்பட கிழக்குப் பகுதி ஜோர்டானுக்கும் போயின. 1967இல் கிழக்கையும் இஸ்ரேல் பிடித்தது.

சரி, வந்திருந்தால்? புனிதக் கல்லறைத் தேவாலயத்தைப் பாருங்கள். ஆறு கிறிஸ்தவப் பிரிவுகளுக்கு அதில் பங்கு. சாவியை வைத்திருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம், கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். யாருக்கு எது என்ற சண்டை தாங்காமல், 1852இல் அப்போது ஊரை ஆண்ட துருக்கி சுல்தான் அப்துல் மஜீத் 'இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்' என்று ஆணையிட்டார். இன்றும் அதுதான் சட்டம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு: கூரையைப் பழுதுபார்ப்பவருக்கே கூரை சொந்தம். அதனால் அடுத்தவரைப் பழுதுபார்க்க விடுவதில்லை.

அந்தத் தேவாலயத்துக்குள் இயேசுவின் கல்லறை மேல் கட்டிய சிறு மண்டபம் 1927 நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்டது. 1947இல் அப்போது ஊரை ஆண்ட பிரிட்டிஷ்காரர்கள் சுற்றிலும் இரும்புத் தூண்களை நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். தற்காலிக ஏற்பாடுதான், கிட்டத்தட்ட எழுபது வருஷம் நின்றது. 2015இல் ஆபத்து என்று போலீஸ் சில மணி நேரம் மூடிய பிறகுதான் கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர் மூவருக்கும் உறைத்தது. 2017இல் வேலை முடிந்தது.

அதே கோயிலின் கூரை மேல் எத்தியோப்பியத் துறவிகள் குடியிருக்கிறார்கள். இடம் எங்களுடையது என்று காட்ட எகிப்தின் காப்டிக் துறவி ஒருவர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 2002 கோடையில் வெயில் தாங்காமல் அதை நிழலுக்கு நகர்த்தினார். இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று எத்தியோப்பியர்கள் கொதிக்க, அடிதடியில் பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முஸ்லிம்களின் மசூதி நிற்கும், யூதர்களின் பழைய கோயில் இருந்த மேடான அல் அக்சா வளாகம் இதைவிடச் சிக்கல். 1967க்குப் பிறகும் உள் நிர்வாகம் ஜோர்டானின் வக்ஃபிடமே (இஸ்லாமிய அறக்கட்டளை) விடப்பட்டது; காவல் மட்டும் இஸ்ரேலிடம். யூதர்கள் மேலே வந்து பார்க்கலாம், தொழுகை கீழே, வளாகத்தின் மேற்குச் சுவரில்தான் என்பது ஏற்பாடு. சமீப வருஷங்களில் அது கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை. மூன்று மதங்கள் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் இல்லை. கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோருக்கு வசிக்கும் உரிமை உண்டு, குடியுரிமை கிடையாது. மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. அந்த மாநகராட்சி ஓட்டையும் பெரும்பாலோர் போடுவதில்லை. போட்டால் இஸ்ரேலின் ஆட்சியை ஒப்புக்கொண்டதாகிவிடும்; போடாவிட்டால் தெருவுக்குச் சாக்கடையும் விளக்கும் கேட்க மன்றத்தில் ஆள் இல்லை.