அரை கிரவுண்டில் வீடு: வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

30-க்கு 40 அடி மனையில், அதாவது அரை கிரவுண்டில், மூன்று படுக்கையறை வீடு கட்ட வேண்டும், எந்த அறையை முதலில் வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அறையையும் அல்ல. படிக்கட்டை முதலில் வரையுங்கள்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டால் (உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்) மிஞ்சுவது 24-க்கு 32, அதாவது 768 சதுர அடி. அதில் 9 அங்குல வெளிச்சுவர்களே 80 சதுர அடிக்கு மேல் தின்றுவிடும். எனவே இரண்டு படுக்கையறைகளாவது மாடிக்குத்தான் போகும்.

10 அடி உயரத்தை 18 படிகளாகப் பிரித்து, கால் வைக்க 10 அங்குலம் கொடுத்தால், நடுவில் திரும்பும் படிக்கட்டுக்கு ஏறத்தாழ 10-க்கு ஆறரை அடி வேண்டும். பலர் இதைக் கடைசியில் ஒரு மூலையில் திணிக்கிறார்கள். பிறகு பாட்டியால் ஏற முடியாத ஏணிதான் மிஞ்சுகிறது.

அடுத்து, கட்டிலையும் பீரோவையும் அளவோடு வரைந்து பாருங்கள். 10 அடி அகல அறையில் 6 அடிக் கட்டிலும் 2 அடி பீரோவும் போனால் நடக்க இரண்டே அடி. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் அதுவும்!

மேற்குச் சுவர் மாலை முழுக்கக் கொதிக்கும். அந்தப் பக்கம் படுக்கையறை வைக்காமல் படிக்கட்டையும் குளியலறையையும் தள்ளிவிடுங்கள். வாஸ்து வேறு சொன்னால், பேரம் பேசிப் பார்க்கலாம். மாடிக் குளியலறை மட்டும் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே இருக்கட்டும். குழாய்ச் செலவும் குறையும், கூடத்தின் கூரையில் கசிவும் வராது.