கம்பாலாவில் தம்பி வீடு: புறப்படும் முன் குடும்பம் கவனிக்க வேண்டியவை

வாசகி ஒருவரின் கேள்வி: "பெரம்பூரில் வசிக்கிறோம். என் தம்பி நான்கு ஆண்டுகளாக உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வேலை பார்க்கிறான். மே மாத விடுமுறையில் நானும் கணவரும், 15 வயது மகள், 6 வயது மகன், சர்க்கரை நோயுள்ள 67 வயது அம்மா ஆகியோருடன் மூன்று வாரம் அங்கே போகிறோம். காட்டு விலங்குகள், கொரில்லா, நைல் நதியில் படகு என்று தம்பி பெரிய திட்டமே போட்டிருக்கிறான். மலேரியா மாத்திரை வேண்டாம், தனக்கு இதுவரை ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை என்கிறான். மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் போதுமா?"

போதாது. வெப்பமண்டல நாட்டுக்கு விடுதி பதிவு செய்து போகிறவர்களைவிட, உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களே மலேரியாவுடன் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது பயண மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட உண்மை. சொந்தக்காரர் வீடுதானே என்ற தைரியத்தில் மாத்திரையும் கொசுவலையும் விட்டுப்போகின்றன. தம்பியின் அன்பில் குறையில்லை. ஆனால் அவருடைய அனுபவத்தை உங்கள் பிள்ளைகளுக்கான மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போதே அதைப் பதிவேற்ற வேண்டும். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள், இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம், துறைமுகச் சுகாதார அமைப்பு போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படும். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது. ஊசி போட்ட பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதாலும், விசா வேலையும் அதற்குப் பிறகுதான் என்பதாலும், புறப்படும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே முன்பதிவு செய்துவிடுங்கள். 2016 முதல் ஒரு ஊசியே ஆயுள் முழுவதற்கும் ஏற்கப்படுகிறது. சான்றிதழாகத் தரும் மஞ்சள் நிற அட்டையை அங்கேயே நின்று சரிபாருங்கள். நம் பெயர்களில் இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர் எல்லாம் இடம் மாறி எழுதப்படுவது வழக்கம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துவரிசையும் பாஸ்போர்ட் எண்ணும் அட்டையில் அப்படியே இருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படும் தடுப்பூசி. சர்க்கரை நோய் மட்டும் இதற்குத் தடையல்ல. ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு, மிக அரிதாக நேரும் கடுமையான பக்கவிளைவுகளின் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து, முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஊசி வேண்டாம் என்றால், விலக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகலாமா என்று யோசிக்காதீர்கள். கடிதம் அதிகாரியிடம் காட்டப் பயன்படலாம், நோயிடமிருந்து காக்காது. அந்நிலையில் அம்மா இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது, தம்பி சென்னைக்கு வந்து பார்த்துப் போகட்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மா வருவதானால், இன்சுலினைக் குளிர்ப்பையில் போட்டுக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்குப் பெட்டியில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

இனி மலேரியா. சென்னையில் நாம் பார்த்துப் பழகியது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் ஏறக்குறைய எல்லாமே ஃபால்சிபாரம் வகை. சரியான சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது அது. கம்பாலா சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இதமான குளிருடன் இருப்பதால் கொசு இராது என்று தோன்றும். அங்கும் மலேரியா உண்டு. மார்ச் முதல் மே வரை அங்கே நீண்ட மழைக்காலம் வேறு. பிறந்தது முதல் தொடர்ந்து கடிபடுகிறவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச்சக்தி உண்டாகும். நான்காண்டு வேலைக்குப் போன தம்பிக்கே அதை நம்ப முடியாது எனும்போது, ஆறு வயது மகனுக்கு அதை எதிர்பார்க்கவே முடியாது.

வீட்டில் மீந்த குளோரோகுவின் என்ற பழைய மலேரியா மாத்திரை அங்கே பயன்படாது. அந்தக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அங்கே தினமும் எடுத்து, திரும்பிய பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளினை ஊர் திரும்பியபின் நான்கு வாரம் தொடர வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட மகனுக்கு அது கூடாது. வாரம் ஒன்றாக எடுக்கும் மெஃப்ளோகுவினை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்போ மனநலப் பிரச்சினையோ இருந்தவர்களுக்கு அது ஆகாது. இந்த மூன்றில் எது யாருக்கு என்பதை எடை, வயது, மற்ற மருந்துகளைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் கேட்டவுடன் கிடைத்துவிடாது என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாத்திரை இருந்தாலும், மாலை மயங்கியதும் முழுக்கைச் சட்டையும், இரவில் மருந்து தோய்த்த கொசுவலையும் வேண்டும்.

தம்பியின் திட்டத்தில் இரண்டு திருத்தங்கள். பிவிண்டி காட்டில் கொரில்லா பார்க்க 15 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே மகள் போகலாம், மகனோடு பெரியவர் ஒருவர் தங்க வேண்டும். சளி, காய்ச்சல் இருப்பவரை அனுமதிக்க மாட்டார்கள், ஏனெனில் நம் நோய் அவற்றுக்கு எளிதில் தொற்றும். அடுத்தது விக்டோரியா ஏரி. பார்க்க அழகான, அலையில்லாத அந்தக் கரைநீரில்தான் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா புழு இருக்கிறது. கால் நனைத்தாலே தோல் வழியாகப் புகுந்துவிடும். ஏரியில் குளிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஜிஞ்சாவில் நைல் பாயும் இடத்தில் வேகமான நீரில் இந்த ஆபத்து குறைவு. அங்கே உயிர்காப்பு உடையும், ஏற்பாட்டாளர் வைத்திருக்கும் வயது வரம்புமே முக்கியம். நகருக்குள் போடா போடா எனப்படும் வாடகை பைக்கில் யாரும் ஏற வேண்டாம். சஃபாரிக்குக் கருநீல, கறுப்பு உடைகள் வேண்டாம். கடித்துத் தூக்க நோயைப் பரப்பக்கூடிய செட்ஸி ஈக்களை அந்த நிறங்கள் ஈர்க்கும்.

தம்பி வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டால், உடுத்தும் முன் சூடாக இஸ்திரி போடச் சொல்லுங்கள். ஈரத் துணியில் ஓர் ஈ முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்து கட்டிபோல் வீங்கும். பெரியவர்கள் சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்து வைத்துவிடுவார்கள். உள்ளாடையின் இடுப்பு எலாஸ்டிக், தையல் மடிப்பு, இரு பக்கமும் சூடு பட வேண்டும்.

திரும்பிய மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமாக "உகாண்டா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சென்னையில் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, முதல் முடிவில் இல்லை என்று வந்து காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.