தொழிற்சாலைப் புகை பற்றி அரசிடம் இருக்கும் கணக்கை நம்பகமானதாக மாற்ற என்ன செய்யலாம்?

இதைக் கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம், ஏதோ ஒரு சிம்னிக்குப் பக்கத்தில் குடியிருப்பவராகவும் இருக்கலாம். இரண்டாமவர் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லா ஆலையிலும் மீட்டர் மாட்டி இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாலு வருடம் சிம்னி ஏறிப் புகை அளந்தவன் நான். மீட்டர் அப்புறம். அளப்பவனுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் ஈரோடு பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சொந்த ஆய்வகங்களும் அளக்கும் என்பது தெரியும். நான் பேசுவது ஆலைக்காரர்களே கூப்பிட்டு, ஆலைக்காரர்களே பணம் கொடுத்து எடுக்கும் ரிப்போர்ட்டைப் பற்றி. நாங்கள் வரும் தேதி அவர்களுக்கு முன்பே தெரியும்.

ஒருநாள் ஒரு துணி பதனிடும் ஆலைக்குப் போனோம். விறகில் ஓடும், மணிக்கு இருபது டன் நீராவி தரும் பாய்லர். அந்த அளவு பாய்லருக்குப் புகையில் தூசி ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இரும்பு ஏணியில் ஏறி, சிம்னியில் அளப்பதற்கென்றே விட்டிருக்கும் துளையை (போர்ட் ஹோல்) திறந்து, குழாயை உள்ளே விட்டு, சிம்னிக்குள் புகை போகும் அதே வேகத்தில் புகையை உறிஞ்ச வேண்டும். வேகம் மாறினால் கணக்கு தப்பு. குழாய்க்குள் திம்பிள் என்று விரல் உறை மாதிரி ஒரு வெள்ளை வடிகட்டி இருக்கும். தூசி அதில் தங்கும். முன்னும் பின்னும் கிராமில் நாலு தசமம் வரை காட்டும் தராசில் எடை போட்டு, வித்தியாசத்தை உறிஞ்சிய காற்றின் அளவால் வகுத்தால் விடை. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு ஏற்றுமதி ஆர்டர் அவசரமாம், பாய்லரை யாரும் குறைத்து ஓட்டவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் திம்பிளை வெளியே எடுத்தபோது கரிக்கட்டை மாதிரி இருந்தது. கீழே இறங்கியதும் பாய்லர் ஆபரேட்டர், வயதானவர், பக்கத்தில் வந்து சொன்னார்: “தெனமும் இப்படித்தானுங்க தம்பி ஓடுது. நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் அடக்கி ஓட்டச் சொல்லுவாங்க.”

மறுநாள் திம்பிளை உலர்த்தி எடை போட்டேன். கணக்கு 212 வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதே 212. எங்கள் ஆய்வக ஓனர் நோட்டைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், “தம்பி, இதை இப்படியே அடிச்சா அடுத்த வருஷம் அவங்க நம்மளைக் கூப்பிடுவாங்களா?” என்றார். ரிப்போர்ட்டில் 138 என்று போனது. அடித்தது என் கைதான். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

எல்லா ஆய்வகமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக அளப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆர்டர் கிடைப்பதுதான் கஷ்டம். ஆலைகளை மூடச் சொல்கிறேன் என்றும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அப்பா மில்லில் வாங்கிய சம்பளத்தில்தான்.

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2009 முதல் 2011 வரை குஜராத் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளாதார நிபுணர்கள் அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளை வைத்துச் சோதித்தார்கள். ஆலைக்காரர்களே பணம் கொடுக்கும் பழைய முறையில் வந்த தூசிக் கணக்குகள் வரம்புக்குச் சற்றுக் கீழே கொத்தாகக் குவிந்து கிடந்தன. என் 138 மாதிரி. ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். அளந்த ஆலைகள் சிலவற்றை வேறு ஆள் போய் மறுபடி அளந்தார். வரம்பைத் தாண்டிய ஆலைக்குப் பாஸ் போடுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. இதற்குப் புது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

சரி, மீட்டருக்கு வருவோம். 2014-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் கண்காணிப்புக் கருவி கட்டாயம் என்றது. நல்ல முடிவு. ஆனால் பெரும்பாலான தூசி மீட்டர்கள் எடை பார்ப்பதில்லை. ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு மங்குகிறது அல்லது சிதறுகிறது என்று பார்க்கும். அதை மில்லிகிராமாக மாற்றும் எண்ணை, திம்பிளில் கையால் அளந்த கணக்கோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே ஏற்றுவார்கள். அந்தக் கை அளவு பொய் என்றால், அதே பொய்யை மீட்டர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, விடுபடும் தரவு. புகை அதிகமாகும் நேரம் பார்த்து மீட்டர் ‘பழுதாகி’விட்டால் அந்த நேரத்துக்குக் கணக்கே கிடையாது. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தத்துக்குப் பிறகு மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு கணக்கில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். மீட்டர் ஓடாத நேரத்துக்கு ஒரு மாற்று எண்ணைப் போடுவார்கள். இடைவெளி நீள நீள அந்த எண்ணும் ஏறும். அதனால் மீட்டரை ஓட வைப்பதுதான் ஆலைக்கு லாபம். நம் ஊரிலும் இதைக் கண்டிப்பாகச் செய்யலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிம்னி ஏறும் பையன்களில் பாதிப் பேருக்கு இடுப்பு பெல்ட்கூடக் கொடுப்பதில்லை. நான் ஏறிய ஏணிகளில் துருப்பிடித்துப் படி கழன்றவை எத்தனையோ. அதில் முப்பது கிலோ கருவியைக் கயிறு கட்டி மேலே இழுப்போம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் விழுந்து கால் உடைந்து ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். காப்பீடு எதுவும் இல்லை, அந்த ஆறு மாதச் சம்பளமும் இல்லை. அளக்கிறவன் உயிருக்கே மதிப்பில்லாத இடத்தில் அவன் கொண்டுவரும் எண்ணுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிம்னி இருக்கிறது என்றால் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது வெறும் ரிப்போர்ட் கேட்காதீர்கள். அளந்த தேதி, நேரம், அப்போது பாய்லர் எத்தனை டன்னில் ஓடியது, திம்பிளின் ஆரம்ப எடை, முடிவு எடை, உறிஞ்சிய காற்றின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எடை இரண்டும் காற்றின் அளவும் கையில் வந்தால் வகுத்துப் பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் கமெண்டில் போடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்.