எளிதில் சிவக்கும் சருமம்: ரேசரை மாற்றினால் போதுமா?

கேள்வி: என் சருமம் எளிதில் சிவந்துவிடும். ஐந்து பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரால் தினமும் சவரம் செய்கிறேன். செய்த உடனே கழுத்து எரிகிறது. இரண்டு நாளில் தாடைக்குக் கீழே சிறு கட்டிகள் எழும்புகின்றன. ஒற்றை பிளேடு பொருத்தும் பழைய வகை ரேசருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருப்பவை இரண்டு தொல்லைகள். சவரம் முடிந்த சில நிமிடங்களில் தோன்றி ஓரிரு நாளில் அடங்கும் எரிச்சல், பிளேடு சருமத்தின் மேலடுக்கைச் சுரண்டியதால் வருவது. தாமதமாக எழும் கட்டிகளுக்குக் காரணம் வேறு. வெட்டுப்பட்ட முடி மீண்டும் வளரும்போது வளைந்து சருமத்துக்குள்ளேயே புகுந்துகொள்ள, உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி வீக்கத்தை உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதைச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள். சுருள் முடி உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

பல பிளேடு ரேசரில் முன்னால் செல்லும் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுக்க, பின்னால் வருவது அது உள்வாங்குவதற்குள் இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. முடியின் நுனி சரும மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால்தான் முகம் அவ்வளவு வழவழப்பாகிறது. கட்டி எழுவதற்கும் அதே வழவழப்புதான் வழிவிடுகிறது. எனவே ஒற்றை பிளேடுக்கு மாறுவது கட்டிகளைக் குறைக்க உதவக்கூடும். எரிச்சலோ பெரும்பாலும் முன்தயாரிப்பையும் கையின் அழுத்தத்தையும் பொறுத்தது. பழைய பழக்கத்தோடு புதிய ரேசரைப் பிடித்தால் அது கூடவும் செய்யும். கார்ட்ரிட்ஜின் தலை முகத்தின் வளைவுக்கேற்பத் தானே அசைந்துகொடுக்கும். ஒற்றை பிளேடு ரேசரில் கோணத்தை உங்கள் கைதான் காக்க வேண்டும். பிளேடு சருமத்தோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் இருக்கட்டும். ரேசரின் எடையே போதும், அழுத்தவே வேண்டாம். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டியதில்லை.

தண்ணீர் ஊறிய முடி மென்மையாகி, குறைந்த விசையில் வெட்டுப்படும். அதற்கு இரண்டு, மூன்று நிமிடங்களாவது தேவை என்பதால் குளித்து முடித்ததும் சவரம் செய்வது நல்லது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சருமத்தின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து போய்விடும். நறுமணம் சேர்க்காத ஷேவிங் கிரீமை மென்மையான பிரஷ்ஷால், தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரைக்கச் செய்யுங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் இன்னும் குழைக்க வேண்டும். குமிழிகள் மறைந்து, ஈரப் பளபளப்போடு முகத்தில் படியும் நுரையே பிளேடை வழுக்கிச் செல்ல விடும். மென்தால் கலந்த கிரீம்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் குளிர்ச்சி எரிச்சலை உணரவிடாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு மென்தாலே எரிச்சலைத் தூண்டும்.

உங்கள் தொல்லை கழுத்தில் மையம் கொண்டிருப்பதால், முடி வளரும் திசையைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளர்கிறது. கழுத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. குரல்வளைக்குக் கீழே மேல்நோக்கியும், தாடை எலும்பின் ஓரத்தில் பக்கவாட்டிலும், சிலருக்குச் சுழியாகவும் வளரும். ஆகவே கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரை மேலிருந்து கீழாக இழுப்பவர், பாதி வழியிலிருந்து தம்மை அறியாமலேயே எதிர்த்திசையில் மழித்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் சவரத்தை நிறுத்திவிட்டு, விரல் நுனியால் கழுத்தை நான்கு திசைகளிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசையே முடி வளரும் திசை, சொரசொரப்பது அதன் எதிர்த்திசை. இடது புறமும் வலது புறமும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்பதால், கழுத்தை வரைந்து அம்புக்குறிகள் இட்டு வைத்துக்கொள்ளலாம்.

முதல் முறை, வளரும் திசையிலேயே மழியுங்கள். மிச்சம் தெரிந்தால் மறுபடி நுரை பூசிக் குறுக்கு வாட்டில் ஒரு முறை போகலாம். நுரை இல்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது. எதிர்த்திசையில் மழிப்பது உங்களுக்கு வேண்டாம். கழுத்தில், முதல் முறையோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை. தொட்டால் சற்றுச் சொரசொரப்பு இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சருமத்தை விரலால் இறுக இழுத்துப் பிடித்து மழிக்கும் வழக்கத்தையும் விடுங்கள், பிடியை விட்டதும் வெட்டிய நுனி உள்ளே போய்விடும்.

மழுங்கிய பிளேடும் முடியைப் பிடித்து இழுக்கும். பிளேடைவிடப் பல மடங்கு மென்மையான முடி, வளைந்து குறிப்பிட்ட கோணத்தில் மோதும்போது எஃகு விளிம்பையே நுண்ணிய அளவில் சிதறடிக்கிறது என்பதை 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் காட்டினார்கள். ஐந்து முதல் ஏழு சவரத்துக்கு ஒரு முறை பிளேடை மாற்றலாம். அதற்கு முன்பே இழுவை தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நறுமணமற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் தரும் எரிச்சல் ‘வேலை செய்வதன்’ அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் சருமத்துக்கு அது வறட்சியை மட்டுமே தரும். படிகாரம் சிறு வெட்டில் கசியும் இரத்தத்தை நிறுத்தும், முகம் முழுவதும் தேய்க்க வேண்டாம்.

இப்போது கட்டிகள் இருக்கும் நிலையில் எந்த ரேசரும் உதவாது. மூன்று, நான்கு வாரங்களாவது பிளேடை ஒதுக்கி, ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டிய முடியைத் தோண்டிப் பிடுங்கினால் தழும்புதான் மிஞ்சும். கட்டிகளில் சீழ் கோத்தாலோ, வலி கூடினாலோ, கருந்தழும்புகள் தடித்து நின்றாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாடிப் பகுதியில் வரும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகளும் இதே தோற்றத்தில் இருக்கும், அவற்றுக்கு மருந்து வேறு.