சாலை வரி எங்கே போகிறது? – பெங்களூரு வாசகர் கேள்வி பதில்

அல்சூர் வாசகி: என் மகள் நார்வேயில் ட்ரோம்சோவில் இருக்கிறாள். வருஷத்தில் பாதி நாள் பனி. வீடியோ காலில் பார்த்தால் ரோடு சுத்தமாக இருக்கிறது. இங்கே இரண்டு மழை பெய்தால் எங்கள் தெருவில் ஸ்கூட்டி ஓட்ட முடியவில்லை. அங்கே மட்டும் எப்படி?

அங்கேயும் இங்கேயும் ரோட்டைக் கெடுப்பது தண்ணீர்தான் அம்மா. நம் ஊரில் வடிய வழியில்லாத மழைநீர் தாரில் உள்ள விரிசல் வழியாக இறங்கி, ஜல்லியையும் தாரையும் பிரித்துவிடுகிறது. அதன் மேல் நாலு பஸ் போனால் குழி ரெடி. அங்கே இறங்கிய தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. அத்தோடு நிற்காமல் அடிமண்ணிலிருந்து மேலும் ஈரத்தை இழுத்து, ஐஸ் படலமாகக் கட்டி ரோட்டையே மேலே தூக்கும். வசந்தத்தில் உருகும்போது அடித்தளம் சேறாகிவிடும். ட்ரோம்சோவில் கடலின் வெப்ப நீரோட்டத்தால் ஜனவரியில்கூட சராசரி மைனஸ் 4 டிகிரி போலத்தான் இருக்கும். அதனால் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும், ரோட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஆக அவர்களுக்கு நம்மைவிடப் பெரிய தலைவலி. ஆனால் ஈரம் பிடிக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கனமாகக் கல் அடுக்கி, ஓரத்தில் வடிகால் வெட்டிவிட்டுத்தான் தார் போடுகிறார்கள். பனி விழும் முன்பே ரோட்டோரம் உயரமான குச்சிகளை நட்டுவிடுவார்கள், பனி வாருகிற வண்டிக்காரருக்கு ஓரம் தெரிய வேண்டுமே. மைனஸ் பத்தை நெருங்கும்போது உப்பு பெரிதாகப் பலிக்காது என்பதால் பொடி ஜல்லி தூவுகிறார்கள். குளிர்காலம் முடிந்ததும் அதையும் கூட்டி அள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் தெருவில் ஒரு வேலை செய்யுங்கள். நடைபாதை ஓரத்தில் மழைநீர் சாக்கடைக்குள் இறங்குகிற ஓட்டையைக் குனிந்து பாருங்கள். பல இடங்களில் அது பிளாஸ்டிக் கவரும் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துப்போயிருக்கும், அல்லது ரோடு அதைவிடத் தாழ்ந்து கிடக்கும். அந்த ஓட்டையைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை தடவை தார் ஊற்றினாலும் வீண்.

கே.ஆர்.புரம் வாசகர்: வண்டி வாங்கும்போதே ஆயுள் வரி என்று கர்நாடகாவில் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். பெட்ரோலில் வரி, ஹைவேயில் டோல். வெளிநாட்டிலும் இப்படித்தானா?

வாங்குகிறார்கள், சில இடங்களில் நம்மைவிட அதிகமாகவே. ட்ரோம்சோவின் மையப் பகுதி ஒரு தீவு, அங்கிருந்து வெளியே போகப் பாலங்களும் கடலடிச் சுரங்கப்பாதையும் வேண்டும். ஊருக்கு அடியிலேயே சுரங்கச் சாலைகள், அதற்குள் ரவுண்டானா. செலவு சும்மாவா? 1990களில் அந்த ஊரில் மட்டும் லிட்டருக்கு இவ்வளவு என்று எரிபொருளில் கூடுதலாக வசூலித்துச் சாலை வேலை செய்தார்கள். 2023இல் ஊரைச் சுற்றிச் சுங்கக் கட்டணம் வந்தது. நெரிசல் நேரத்தில் அதிகம் கொடுக்க வேண்டும்.

சந்தோஷமாகக் கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2019 உள்ளாட்சித் தேர்தலில் அதே நாட்டின் பெர்கன் நகரத்தில் சுங்கக் கட்டணத்தை எதிர்ப்பதற்கென்றே வந்த கட்சிக்கு ஆறில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தது. ஆனாலும் ட்ரோம்சோவில் கட்டுகிறவருக்கு அந்தப் பணம் எந்த ரோடு, எந்த பஸ் தடம், எந்த நடைபாதைக்கு என்று தெரியும். நம் ஆயுள் வரி மாநிலக் கஜானாவுக்குப் போகிறது, வார்டு ரோட்டைப் போடுவதோ மாநகராட்சி. இரண்டுக்கும் நடுவில் என்ன கணக்கு என்பது நமக்குத் தெரிவதே இல்லை. வரியைக் குறை என்று கேட்பதைவிட, என் வார்டுக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் போட்டீர்கள், எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று கேட்பதுதான் சரி என்பேன்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. ஸ்கூட்டர் ரோட்டைக் கெடுப்பதே இல்லை எனலாம். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் ஆணி பதித்த குளிர்கால டயர் தாரை அரைத்துத் தூசி கிளப்புகிறது என்று அதற்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ரோட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாத ஸ்கூட்டர்காரர் வரியும் கட்டிவிட்டு, லாரி பறித்த குழியில் தானே விழுகிறார். இது அநியாயம்.

பொம்மனஹள்ளி வாசகர்: ஓசூரில் பதிவு செய்த கார். இப்போது குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டோம். மாற்ற வேண்டுமா?

பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. ஓசூர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வரி கட்டுங்கள். வண்டிக்கு வயதாக ஆக வரி குறையும். அப்புறம், தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

விவேக் நகர் வாசகி: ட்ரோம்சோவில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே வராதாமே. விபத்து நடக்காதா?

நடக்கும். 1970இல் நார்வேயில் 560 பேர் சாலையில் இறந்தார்கள். 2019இல் அது 108, இத்தனைக்கும் நடுவில் வண்டிகள் பல மடங்கு பெருகிவிட்டன. நம் நாட்டில் 2022இல் மட்டும் 1,68,491 பேர். மக்கள்தொகை வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் லட்சத்துக்கு அங்கே இரண்டு, இங்கே பன்னிரண்டு.

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் தலைகாட்டாது. ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம். குளிர்காலத்தில் டயரின் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நடந்து போகிறவர்கள் கோட்டில் ஒளி பட்டால் மின்னும் சின்னப் பட்டையைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். நமக்கும் 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் விளக்கு தானாக எரிகிறது, நல்ல காரியம். மீதி நம் கையில் இருக்கிறது. காலையில் இருட்டோடு பால் வாங்கப் போகும் பெரியவருக்கும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும் பையில் ஒரு மின்னும் பட்டை ஒட்டிவிடுங்கள். டயர் வழுவழுவென்று ஆகிவிட்டால் மழைக்கு முன்பே மாற்றுங்கள்.

ஈஜிபுரா வாசகர்: குழி பற்றிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சட்டத்தில் வழி உண்டா?

உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, ரோட்டைத் தரமாகப் போடாததால், பராமரிக்காததால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த நிலைமை வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது, அதனால் உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். குழியின் படத்தோடு, பக்கத்தில் அடைத்துக் கிடக்கும் வடிகால் ஓட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.