தோட்டத்து விளக்கு: கேளுங்க, சொல்றேன்

வீட்டுக்கு வெளியே போடும் விளக்குகள் பற்றிச் சென்ற இதழில் உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். மதுரைப் பக்கத்திலிருந்துதான் அதிகம் வந்தன. பதில் சொல்பவர் மதுரையில் வீட்டு ஒயரிங், தோட்ட விளக்கு வேலை எடுத்துச் செய்கிறவர்.

அண்ணே, திருநகரில் எங்கள் வீடு. சுற்றி மா, தென்னை, அரளி எல்லாம் இருக்கு. நாலு மூலையிலும் மதில் மேல் 50 வாட் ஃப்ளட் லைட் போட்டோம். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் வீடு கல்யாண மண்டபத்து கார் பார்க்கிங் மாதிரி இருக்கு என்று தம்பி கேலி பண்ணுகிறான். பக்கத்து வீட்டு மாமா முகம் கொடுத்தே பேசுவதில்லை. – வாசகி, திருநகர்

தம்பி சொன்னது சரிதான் தங்கச்சி. மாமா கோபமும் நியாயம். மதில் மேல் இருக்கிற ஃப்ளட் லைட் உங்கள் மாமரத்தைக் காட்டுகிறதோ இல்லையோ, அவர் படுக்கையறை ஜன்னலுக்குள் கட்டாயம் போகும்.

நாலு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. மரமும் தட்டை, சுவரும் தட்டை. போதாததற்கு, முகத்துக்கு நேரே அடிக்கிற வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். கூசின கண்ணுக்கு லைட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருட்டு இன்னும் கன்னங்கரேலென்று தெரியும். பாதுகாப்புக்கு என்று போட்ட விளக்கே திருடன் ஒதுங்கி நிற்க நிழல் கொடுக்கிறது. நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி பார்த்திருப்பீர்கள். அங்கே உங்கள் கண்ணுக்குப் படுவது தூணும் வளைவும்தான், லைட் இல்லை. வீட்டுக்கும் அதே கணக்கு: வெளிச்சம் தெரியலாம், பல்பு தெரியக் கூடாது.

முன்பக்க ஃப்ளட் லைட் இரண்டையும் கழற்றுங்கள். பின்பக்கத்து இரண்டையும் முகம் கீழே பார்க்கத் திருப்பி, ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற சென்சாரில் கொடுங்கள். மாமரத்தடியில் மண்ணில் குத்துகிற ஸ்பைக் லைட், 5 முதல் 7 வாட், இரண்டு போதும். மா அகலமாகப் படர்வதால் விரிந்த ஒளி, 36 டிகிரிக்கு மேல் கேட்டு வாங்குங்கள். தென்னைக்கு அது சரிப்படாது. ஒடுங்கின ஒளி, 15 டிகிரி அளவில் இருந்தால்தான் குருத்து வரைக்கும் ஏறும். நடைபாதைக்கு முழங்கால் உயரத்தில் 3 வாட். அரளிக்கு ஒன்றும் வேண்டாம், பாதை வெளிச்சத்திலேயே அது தெரியும்.

கலரில் எல்லாரும் சறுக்குகிறார்கள். கடையில் பொதுவாக 'லைட்' என்று கேட்டால் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் இலை வெளிறிப்போன நீலமாகத் தெரியும். அட்டைப் பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின், வார்ம் ஒயிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, நல்ல டார்ச் ஒன்றை மரத்தடியில் சாய்த்து வையுங்கள். கேட்டில் நின்று பாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், ஹால் ஜன்னலிலிருந்து பாருங்கள். மாமா வீட்டுப் பக்கம் போயும் ஒருமுறை பாருங்கள். பேச்சும் ஆரம்பித்த மாதிரி ஆச்சு.

ஒத்தக்கடையில் பண்ணை வீடு. ஷாக் அடிக்காது என்று 12 வோல்ட் லைட் வாங்கினோம். 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கிற டிரைவர் பெட்டி போர்டிகோவில். அங்கிருந்து 20 மீட்டர் தள்ளிக் கிணற்றைச் சுற்றி 6 வாட் லைட் பத்து. போர்டிகோவில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று எரிந்தது. கிணற்றடியில் எல்லாமே மங்கல். கடைக்காரர் லைட்டை மாற்றித் தருகிறேன் என்கிறார். – வாசகர், ஒத்தக்கடை

மாற்றாதீர்கள் ஐயா, லைட் நன்றாகத்தான் இருக்கிறது. குற்றம் ஒயரில். என்ன ஒயர் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குள் இழுக்கிற ஒன்றரை ஸ்கொயர் (ஒன்றரை சதுர மில்லிமீட்டர் பருமன்) ஒயராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பத்து லைட் சேர்ந்து 60 வாட். 230 வோல்ட்டில் அது கால் ஆம்பியர் சொச்சம், ஒன்றுமே இல்லை. அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். போக 20, வர 20 என்று கரண்ட் 40 மீட்டர் செம்பில் ஓடுகிறது. ஒன்றரை ஸ்கொயரில் அந்த நீளத்துக்குச் சுமார் அரை ஓம் தடை. 5 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 2.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கிணற்றடிக்குப் போய்ச் சேருவது பத்து வோல்ட்டுக்கும் கீழே. மல்ட்டிமீட்டர் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டு, எல்லா லைட்டும் எரியும்போது அந்தக் கோடியில் அளக்கச் சொல்லுங்கள். எரியாதபோது அளந்தால் 12 காட்டி ஏமாற்றும்.

4 ஸ்கொயர் இழுத்தால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். செலவு கடிக்கும், ஆனால் வேலை முடிந்தது. இன்னொரு வழி, 230 வோல்ட்டை ஆர்மர்டு கேபிளில் (உலோகக் கவசம் போட்டது) கிணற்றுக்குப் பக்கம் கொண்டுபோய், தண்ணீர் புகாத பெட்டியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் டிரைவரை வைப்பது. அப்படிச் செய்தால் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஸ்விட்சைத் தொடவே கூடாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 24 வோல்ட் செட் வாங்கலாம். கரண்ட் பாதியாகிவிடும், அதே ஒயரில் இழப்பு சதவீதம் கால்வாசிதான். டிரைவரையும் பாருங்கள்: 60 வாட் லைட்டுக்கு 60 வாட் டிரைவர் போட்டால் மதுரை வெயிலில் சூடேறி சீக்கிரம் போகும். 80 அல்லது 100 வாட் போடுங்கள்.

சோலார் லைட் எட்டு வாங்கி வேப்பமரத்தடியில் நட்டேன். ஏழரை மணிக்கெல்லாம் அணைந்துவிடுகிறது. – வாசகர், சோழவந்தான்

வேப்பமரத்தடியில் நீங்களே வெயில் படாமல்தானே உட்காருகிறீர்கள்! பேனல் தனியாக இருக்கிற மாடல் வாங்கி, பேனலை மட்டும் வெயிலில் வையுங்கள். தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

மழை பெய்தால் வீடு முழுக்க ட்ரிப் ஆகிறது. ஃபிரிட்ஜ்கூட நின்றுபோகிறது. தோட்டத்து ஒயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் ஆவதில்லை. 'அந்த ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிடலாம்க்கா' என்கிறார் எலக்ட்ரீஷியன். பண்ணலாமா? – வாசகி, விளாங்குடி

கூடவே கூடாது. அந்தத் தம்பியை இனி வீட்டுக்குள் விடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. வயிற்றுப் பிழைப்பு, விட்டுவிடுவோம். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்குள் கசிவதற்குள் கரண்டை வெட்டுவதுதான் அதன் வேலை. அது ட்ரிப் ஆகிறது என்றால், ஈர மண்ணில் வெறுங்காலோடு பூப்பறிக்கப் போகிற உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கசிவு எங்கே என்று நான் தேடினால் முதலில் ஜாயின்ட்டுகளைத்தான் தோண்டுவேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்: செம்மண்ணுக்கு அரையடி ஆழத்தில், குழாய்கூட இல்லாமல் கிடக்கிற ஒயர். நடுவில் கறுப்பு டேப் சுற்றின முடிச்சு. டேப்பின் பசை வெயிலில் இளகி, மண்ணோடு ஒட்டியிருக்கும். பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பளபளப்பே இல்லாமல் பச்சைக் களிம்பு பூத்து, விரலால் நெருடினாலே பொடிப்பொடியாக உதிரும். ஒருபக்கம் பெருச்சாளி கடித்த தடமும் சேர்ந்திருக்கலாம்.

அந்த ஒயரை ஒட்டுப்போடாமல் முழுசாக மாற்றுங்கள். ஆர்மர்டு கேபிள், அல்லது கனமான பி.வி.சி. குழாய்க்குள் நல்ல கேபிள், ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்தில். மேலே ஒரு வரிசை செங்கல் பரப்பினால் மண்வெட்டி முதலில் செங்கலில் முட்டும். எங்கே போகிறது என்று சுவரிலிருந்து அளந்து, குழியை மூடுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் வாழைக்கன்று வைக்கிறவருக்கு அது தெரிய வேண்டும். ஜாயின்ட் எதுவும் மண்ணுக்குள் வேண்டாம். தரைக்கு மேலே ஐ.பி. 65 (தூசியும் பீய்ச்சுகிற தண்ணீரும் புகாத தரம்) பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீர் தேங்குகிற இடத்து லைட், கொஞ்ச நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்குகிற ஐ.பி. 67 ஆக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். அப்புறம் தோட்டம் ட்ரிப் ஆனாலும் ஃபிரிட்ஜ் ஓடும்.

அழகான லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், மண்ணுக்குள் போகிற கேபிளில் வந்து பேரம் பேசுகிறார்கள். எனக்கு இதுதான் புரிவதில்லை.

வீடு அழகர்கோவில் ரோட்டில். விடிய விடிய லைட் எரிந்தால் பாம்பு வராது என்கிறார் மாமியார். கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈசல் வேறு வாசலை மூடிவிடுகிறது. – வாசகி, அப்பன்திருப்பதி

பில் பயம் வேண்டாம். 5 வாட் எல்.இ.டி. பத்து, தினம் 6 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்தான். விடிய விடிய என்றால் அதுபோல இரண்டு மடங்கு.

ஆனால் வெளிச்சத்துக்கு பயந்து பாம்பு ஓடாது. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளையைத் தேடி பாம்பு வரும். மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது, நான் எழுதினதாகக் காட்டுங்கள். விறகு, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலை வாசலை விட்டுத் தள்ளி வையுங்கள். நடக்கிற பாதையில் மட்டும் தாழ்வாக லைட் இருக்கட்டும். எதன் மேல் காலை வைக்கிறோம் என்று தெரிந்தால் போதும். பின்கட்டுக்கு சென்சார் போடுங்கள். கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கு அது போதும்.

ஈசலுக்கு வெள்ளை லைட்தான் பிடிக்கும். மஞ்சளுக்கு வரத்து குறையும், அடியோடு நிற்காது. மழை விட்ட அன்றைக்கு மட்டும் வாசல் லைட்டை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, வாசலுக்கு இருபதடி தள்ளி ஒரு லைட்டை எரியவிடுங்கள், கூட்டம் அங்கே போய்விடும்.

கலர் மாறுகிற லைட்டை மரத்தில் நிரந்தரமாகச் சுற்றிவைக்கலாமா? – வாசகர், மேலூர்

தீபாவளி, பொங்கலுக்குச் சுற்றுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். வருஷம் முழுக்க விட்டால் மரம் பெருக்கப் பெருக்க ஒயர் பட்டைக்குள் இறங்கிவிடும். ஆணியும் அடிக்காதீர்கள். வீடு பார்க்க எப்படி இருக்கும் என்பது உங்கள் ரசனை, அதில் நான் தலையிடவில்லை.