தீங்கநுபவி: போதிக்கிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் 2 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் வாசித்தோம். பவுல் சிறையிலிருந்து தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் அது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்.

கேள்வி: ஐயா, என் ஞாயிறு பள்ளி வகுப்பில் 14 பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது மூன்று பேர்தான். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

தம்பி, இரண்டாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். கேட்டதை "உண்மையுள்ள" மனுஷரிடம் ஒப்புவிக்கத்தான் பவுல் சொல்கிறார். எத்தனை பேர் என்ற கணக்கே அதில் இல்லை. பவுல், தீமோத்தேயு, அந்த உண்மையுள்ளவர்கள், அவர்களிடம் கற்கப்போகிறவர்கள் என்று ஒரே வசனத்தில் நாலு தலைமுறை வந்துவிடுகிறது.

வாலிப வயசில் நான் ஒரு கரிசல் கிராமத்துக்கு வியாழன்தோறும் சைக்கிளில் போவேன். ஆரம்பத்தில் பதினோரு பேர். பருத்தி எடுப்பு வந்ததும் ஒரே ஒரு பையன். பகலெல்லாம் காட்டு வேலை செய்துவிட்டு வருவான். லாந்தர் வெளிச்சத்தில் விரலை எழுத்துமேல் வைத்துக்கொண்டு வாசிப்பான். பாதியில் விரல் நிற்கும், பார்த்தால் தூங்கியிருப்பான். ஒருநாள் எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துகூடப் போயிருக்கிறேன். சில வருஷம் கழித்து அவன் தங்கச்சியிடமிருந்து கடுதாசி வந்தது. அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தானாம். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை.

மூன்று பேர் அதிகம், தம்பி.

கேள்வி: "தீங்கநுபவி" என்றால் கஷ்டத்தைத் தேடிப் போகணுமா?

வேண்டாம். அது தானாக வரும். "நீயும் தீங்கநுபவி" என்று சொல்கிற மூன்றாம் வசனத்தில் "நீயும்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத்தான் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பழைய கிரேக்கப் பிரதிகளில் அங்கே இருக்கிற வினைச்சொல்லுக்கு "கூடச் சேர்ந்து பாடுபடு" என்றே பொருள். விலங்கு போட்ட கையோடு இருக்கிற பவுல், தன் பிள்ளை மாதிரியான தீமோத்தேயுவைத் துணைக்குக் கூப்பிடுகிறார். தனியாகத் தாங்குவதுதான் பக்தி என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் ரொம்ப நாள் இருந்தது.

கேள்வி: நம்ம பக்கத்தில் இப்படிப் பாடுபட்டுப் போதித்தவர் யாராவது?

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலையில், அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708-இல் டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைச் சிறையில் போட்டான், நாலு மாசம். இத்தனைக்கும் அவரை அனுப்பி வைத்ததே டென்மார்க் ராஜாதான்! வெளியே வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து அச்சிலும் கொண்டுவந்தார். 1719-இல் இறந்தபோது வயது 36.

அவருடைய கடைசி வருஷங்களில் ஞானஸ்நானம் பெற்றவர் கடலூர்க்காரர் ஆரோன். 1733-இல் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் போதகர் ஆனார். அதைப் பார்க்க சீகன்பால்கு இல்லை.

கேள்வி: நான் வளர்த்த பையன் என்னைப் பற்றியே தப்பாகப் பேசிவிட்டு வேறு சபைக்குப் போய்விட்டான். மனசு ஆறவில்லை, ஐயா.

ஆறாதுதான் அம்மா. கூட ஊழியம் செய்த தேமா விட்டுப் போனதை இதே நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பவுலும் பெயர் சொல்லித்தான் எழுதினார், வலியை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். முன்பு ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் திரும்பிப் போனானே, யாரால் உடன் ஊழியர்களான பர்னபாவும் பவுலும் பிரிந்தார்களோ, அதே மாற்கு! இடையில் எத்தனை வருஷம் ஓடியிருக்கும். உங்கள் பையன் எந்தப் பக்கம் வருவான் என்று இப்போதே தீர்மானிக்காதீர்கள். அவனைப் பற்றி சபையில் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுங்கள், அது போதும்.

கேள்வி: ஊழியத்துக்காக உடம்பைப் பார்க்காமல் ஓடுவது சரியா?

தப்பு. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கைவைத்தியம் எழுதி அனுப்பியவர் பவுல். சுகர் மாத்திரையை மறந்துவிட்டு உபவாசம் என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: எனக்கு உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு, துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்று பவுல் தீமோத்தேயுவுக்கு இதே நிருபத்தில் எழுதியிருக்கிறார். புஸ்தகங்களும் வேண்டுமாம். குளிருக்குப் போர்வை கேட்க அவர் கூசவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவரிடம் கொடுங்கள்.